நடனத்துக்கு அறுபத்து நான்கு விதிகள்

மனித இனம் ஆடத் தொடங்கிப் பல்லாயிரம் ஆண்டுகள் ஆகின்றன. ஆனால் அது 'முறைப்படி' ஆடத் தொடங்கியது, எங்கள் நகரில் நடன ஆசிரியர் தகுதி மற்றும் பயிற்சிக்கூட உரிமக் குழு அமைக்கப்பட்ட செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குத்தான். அதற்கு முன்பு ஆடியவர்களை நாங்கள் குறை சொல்வதில்லை. பாவம், அவர்களுக்கு விண்ணப்பப் படிவம் கிடைக்கவில்லை.

குழுவின் செயலர் அடியேன். அதற்கு முன் இருபத்தாறு ஆண்டுகள் எடை அளவுத் துறையில் இருந்தேன். கடை கடையாகப் போய் எடைக்கல்லைச் சோதித்து முத்திரை குத்துவது என் பணி. நடனத்திலும் முத்திரை உண்டு, எடைக்கல்லிலும் முத்திரை உண்டு; எனவே இந்தப் பதவிக்கு என்னைவிடப் பொருத்தமானவர் இல்லை என்று மேலிடம் கருதியது. நானும் மறுக்கவில்லை.

தலைவர், பாலங்கள் கட்டி ஓய்வு பெற்ற பொறியாளர். எதைக் காட்டினாலும் "எத்தனை டன் தாங்கும்?" என்று கேட்கும் பழக்கம் உள்ளவர். உறுப்பினர்கள் இருவர்: ஒரு வக்கீல், ஒரு பல் மருத்துவர். பல் மருத்துவர் எதற்கு என்று முதல் கூட்டத்தில் வக்கீல் கேட்டார். "ஆடும்போது சிரிக்கிறாங்கல்ல?" என்றார் தலைவர். வக்கீல் அமர்ந்துவிட்டார். எங்கள் நால்வரில் ஒருவர்கூட வாழ்நாளில் ஒருமுறையும் ஆடியதில்லை. ஆகவே எங்கள் நடுநிலைமை சந்தேகத்துக்கு அப்பாற்பட்டது.

கலைகள் அறுபத்து நான்கு என்பதால் விதிகளும் அறுபத்து நான்கு என்று முடிவானது. அறுபத்திரண்டோடு சரக்குத் தீர்ந்துவிட்டது. மீதி இரண்டுக்காக மூன்று கூட்டங்கள் நடத்தி, குப்பைக்கூடையின் மூடி பற்றி ஒன்றும், மூடியின் கைப்பிடி பற்றி ஒன்றும் இயற்றினோம். எல்லாவற்றையும் தெளிவான கையெழுத்தில் வரைந்தவன் நான்.

முதல் விண்ணப்பத்தோடு வந்தவர் 'எட்டு டீச்சர்'.

நாற்பத்தைந்து வயதிருக்கும். மெத்தைக் கடை ஒன்றின் மாடியில் இருபத்தோரு ஆண்டுகளாக நடனம் கற்பித்து வந்தார். ஆடவைக்கும்போது ஒன்றிலிருந்து எட்டு வரை எண்ணுவார், மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவார். அதனால் அந்தப் பெயர். என் பதினொரு வயது மகள் அவரிடம் ஐந்து ஆண்டுகளாகக் கற்றுக்கொண்டிருந்தாள். இந்த உறவு என் கடமையைப் பாதிக்கக் கூடாது என்பதற்காக, அவர் வணக்கம் சொன்னபோது நான் யாரென்றே தெரியாததுபோல் நிமிர்ந்து பார்த்தேன்.

"உங்க தகுதி?" என்றேன்.

"நல்லா ஆடுவேன் சார். சொல்லியும் தருவேன்."

"அது தகுதி இல்லம்மா. அது பழக்கம். படிப்பு எதுவரைக்கும்?"

"ஸ்கூல் கடைசி வருஷம் முடிக்கல சார். அப்போ ஒரு நடனக் குழுவோட ஊர் ஊராப் போக வேண்டியிருந்துச்சு."

"ஆட்டம் யார்கிட்ட கத்துக்கிட்டீங்க?"

"எங்க பெரியம்மாகிட்ட."

"அவங்க சான்றிதழ் இருக்கா?"

"அவங்க போய்ச் சேர்ந்து பதினாலு வருஷமாச்சு சார்."

"சரி, சான்றிதழ்?"

"அதையும் கூடவே கொண்டுபோயிட்டாங்க போல" என்றார்.

'மூலச் சான்று தற்போது அணுக முடியாத இடத்தில் உள்ளது' என்று குறித்துக்கொண்டேன். அவரிடம் தாளம் இருந்தது, தாள் இல்லை. ஆனாலும் விதி என்றால் கருணை இல்லாததா? நேரடி ஆய்வுக்கு நாள் குறித்தேன்.

ஒரு சனிக்கிழமை காலை தலைவரும் பல் மருத்துவரும் நானும் மெத்தைக் கடை மாடிக்கு ஏறினோம். உள்ளே பதினைந்து பெண்பிள்ளைகள். என் மகளும் இருந்தாள். என்னைக் கண்டதும் கையசைத்தாள். நான் நடுநிலையோடு பதிலுக்கு அசைக்கவில்லை.

அளக்கத் தொடங்கினோம். டீச்சர் 'அடி' என்றால் பிள்ளைகள் கால் வைக்கும் அடி. நாங்கள் 'அடி' என்றால் பன்னிரண்டு அங்குலம். இதனால் கொஞ்சம் குழப்பம் நேர்ந்தது. தரை மரத்தால் ஆனது. பலகைக்கு அடியில் ரப்பர் வைத்து, குதித்தால் முட்டி அடிபடாதபடி தச்சுவேலை செய்யும் அவருடைய தம்பி போட்டுக் கொடுத்தது. தலைவர் அதன்மேல் இரண்டு முறை குதித்துப் பார்த்து, "அருமையான தரை" என்றார். ஆனால் தம்பி ரசீது தரவில்லை. ரசீது இல்லாத தரை விதிப்படி தரை ஆகாது. இரண்டாவது வெளிவாசல் இல்லை. உடை மாற்றும் இடத்தில் கதவுக்குப் பதில் திரை. கண்ணாடி சுவரின் முழு நீளத்துக்கும் இருந்தது. ஆனால் நான்கு துண்டுகளாக இருந்தது. விதியில் 'கண்ணாடி' என்று ஒருமையில்தான் எழுதியிருந்தேன்.

இதற்கிடையில் பிள்ளைகள் கழுத்தைச் சுற்றினார்கள், தோளைச் சுற்றினார்கள், கணுக்காலைச் சுற்றினார்கள், சுவரைப் பிடித்துக்கொண்டு தொடையை மெல்ல இழுத்து விட்டார்கள். தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஏம்மா, இருபது நிமிஷமா ஒண்ணுமே சொல்லித் தரலையே?"

"இது உடம்பைச் சூடுபண்றது சார். இது இல்லாம ஆடவிட மாட்டேன்."

"ஒரு மணி நேர வகுப்புல இருபது நிமிஷமா? மூணுல ஒரு பங்கு வீணாப் போகுதே! எழுதுங்க, செயலர்."

எழுதினேன். 'பயனற்ற நேரம்: இருபது நிமிடம்.' சொல் என்னுடையது. தலைவர் 'வீண்' என்றுதான் சொன்னார். 'பயனற்ற' என்பது இன்னும் கண்ணியமாக இருக்கும் என்று நான்தான் மாற்றினேன்.

கடைசியாக, செயல்முறைத் தேர்வு. டீச்சரை ஆடச் சொன்னோம். அவர் செருப்பைக் கழற்றுவதுபோல எந்த ஆர்ப்பாட்டமும் இல்லாமல் நடுவில் வந்து நின்றார். பாட்டு இல்லை. பிள்ளைகள் தொடையில் தட்டி எண்ணினார்கள். அவர் ஆடினார்.

எவ்வளவு நேரம் என்று குறிக்க மறந்துவிட்டேன். இருபத்தாறு ஆண்டுப் பணியில் நான் குறிக்க மறந்த ஒரே அளவு அது. அவர் ஆடி முடித்தபோது பல் மருத்துவரின் வாய் திறந்திருந்தது. அவர் தொழிலில் மற்றவர்கள் வாய்தான் வழக்கமாகத் திறந்திருக்கும். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ரொம்ப நல்லா இருந்துச்சும்மா" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "இதை எந்தக் கட்டத்துல போடறது?" என்றார்.

படிவத்தைப் புரட்டினோம். கடைசிப் பக்கத்தில் 'இதர' என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் 'ஆடினார்' என்று எழுதினேன். அந்தக் கட்டத்துக்கு மதிப்பெண் கிடையாது.

மெத்தைக் கடை மாடி பூட்டப்பட்டது. டீச்சருக்கு நாங்கள் வழி காட்டாமல் விடவில்லை. தகுதி பெற இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ஏதாவது ஒரு பட்டம் பெற்றிருந்து, பன்னிரண்டு வார இறுதிகள் செல்போன் வழியாகப் படிப்பது. மற்றது, தகுதி பெற்ற ஆசிரியர் ஒருவரிடம் ஆறு மாதம் பயிலுநராக இருப்பது. முதல் வழி டீச்சருக்கு அடைப்பு. இரண்டாவது வழியில் ஒரு சிறு சிக்கல்: நகரில் தகுதி பெற்ற ஆசிரியர் ஒருவரும் இல்லை.

அந்தச் சிக்கலைத் தீர்த்து வைத்தவர் என் மைத்துனர்.

மைத்துனர் குளியலறைக் குழாய்கள் விற்பவர். வேதியியல் பட்டதாரி. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட வந்தவர், என் மேசை மேலிருந்த விதிப் புத்தகத்தை எடுத்து முழுவதும் படித்தார். அதை அதுவரை முழுவதும் படித்தவர் உலகில் அவர் ஒருவரே.

"அத்தான், நான் ஒரு நடனப் பள்ளி ஆரம்பிக்கப் போறேன்" என்றார்.

என் மனைவி கையிலிருந்த கரண்டியோடு நின்றுவிட்டாள். "டேய், உனக்கு நேரா நடக்கவே வராதேடா!"

"ஆடத் தெரியணுமே, மாப்பிள்ளை?" என்று நானும் கேட்டேன்.

"அது எத்தனாவது விதி, அத்தான்?"

நான் புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். ஒன்றிலிருந்து அறுபத்து நான்கு வரை பார்த்தேன். மறுபடியும் பார்த்தேன். குப்பைக்கூடையின் மூடி இருந்தது. அது இல்லை.

பதின்மூன்றாவது வாரம் மைத்துனர் சான்றிதழோடு வந்தார். அவருடைய பயிற்சிக்கூடத்தை ஆய்வு செய்தபோது தலைவர் கண் கலங்கினார். ரசீதுள்ள தரை. ஒரே கண்ணாடி. வெளிவாசல் இரண்டு, இரண்டிலும் ஒளிரும் பலகை. உடை மாற்றும் அறையில் கையை நீட்டினால் தானே தண்ணீர் விடும் குழாய். முதலுதவிப் பெட்டி சரியான உயரத்தில், விதிப்படி பூட்டப்பட்டு, சாவி 'தகுதி பெற்ற ஒரே நபரிடம்'. அறுபத்து நான்குக்கு அறுபத்து நான்கு! உரிம எண் ஒன்று. முத்திரையை நானே குத்தினேன். தாள் கிழிகிற அளவுக்கு அழுத்திக் குத்தினேன்.

எட்டு டீச்சர் அவரிடம் பயிலுநராகச் சேர்ந்தார். வேறு வழியில்லை, பழைய மாணவிகள் எல்லாரும் அங்கேதான் மாற்றப்பட்டிருந்தார்கள், என் மகள் உட்பட. பயிலுநர் மாணவரைத் தொடக்கூடாது, கற்பிக்கக்கூடாது என்பது முப்பத்தொன்றாம் விதி. எனவே அவரை வாசல் மேசையில் உட்காரவைத்து வருகைப் பதிவேட்டைக் கொடுத்தார்கள். மைத்துனர் கூடத்தின் நடுவில் நாற்காலி போட்டு அமர்ந்து, செல்போனில் வீடியோவைப் பெரிதாக்கி, "இதே மாதிரி செய்யுங்க" என்பார். போன் வந்தால் ஆட்டம் நிற்கும். குழாய் விசாரணைகள் முடிந்த பிறகு ஆட்டம் தொடரும்.

முதல் வாரமே பிள்ளைகள் வழக்கம்போல் கணுக்காலைச் சுற்ற ஆரம்பித்திருக்கிறார்கள்.

"யார் இதெல்லாம் செய்யச் சொன்னது?" என்று கேட்டிருக்கிறார் மைத்துனர்.

வாசல் மேசையிலிருந்து டீச்சர் எழுந்து, "சார், அதை மட்டும் நிறுத்தாதீங்க. உடம்பு சூடாகாம குதிச்சா சதை பிய்ஞ்சிடும்" என்றிருக்கிறார்.

"அம்மா, குழு அறிக்கையிலேயே போட்டிருக்கு. பயனற்ற நேரம். எங்க அத்தான் கையெழுத்தே இருக்கு. உட்காருங்க."

டீச்சர் உட்கார்ந்தார். இதை என் மகள் வீட்டில் வந்து சொன்னபோது, என் சொல்லாட்சி நடைமுறையில் புழங்குவது குறித்து எனக்கு உள்ளூரப் பெருமையாகவே இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

நான்காம் மாதம் பெற்றோர் பார்வை நாள் வந்தது. குழு முழுவதும் முன்வரிசையில். பிள்ளைகள் ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்து உரைகளைக் கேட்டார்கள். தலைவர் பாலங்களைப் பற்றிப் பேசினார். பிறகு மைத்துனர் பாட்டைப் போட்டார். என் மகள்தான் முதலில் வந்தாள். ஓடி வந்து, எம்பி, காற்றில் இரண்டு கால்களையும் விரித்து, அப்படியே தரையில் இறங்க வேண்டும். வீடியோவில் அப்படித்தான் இருந்தது.

அவள் ஓடி வந்தாள். எம்பினாள். இறங்கும்போது ஒரு சத்தம் கேட்டது. பாட்டையும் மீறிக் கேட்டது. அதைத் தொடர்ந்து அவள் கத்தியதுதான் எனக்கு இன்னும் காதில் நிற்கிறது.

நான் எழுந்தேன் என்று நினைக்கிறேன். வக்கீல் என் கையைப் பிடித்துக்கொண்டார். "யாரும் தொடாதீங்க! முதலுதவிச் சான்றிதழ் உள்ளவர் மட்டும்தான் தொடணும். பின்னாடி வழக்கு வரும்!"

சான்றிதழ் உள்ளவர் சட்டைப் பையைத் தடவினார். கால்சட்டைப் பையைத் தடவினார். "சாவி இன்னொரு பேன்ட்ல இருக்கு அத்தான்" என்றார் வெளுத்துப்போய். பிறகு போனை எடுத்து, 'பிள்ளை விழுந்தால் என்ன செய்வது' என்று தட்டத் தொடங்கினார். விளம்பரம் ஓடியது. தலைவர் தரையைத் தட்டிப் பார்த்து, "தரையில தப்பில்ல" என்று சான்று பகர்ந்தார். பல் மருத்துவர் தன் துறை தாடைக்கு மேல் மட்டுமே என்று சொல்லி ஒதுங்கினார். நானும் நின்றுகொண்டிருந்தேன். பெற்ற தகப்பன், நின்றுகொண்டிருந்தேன்.

வாசல் மேசை கவிழ்ந்த சத்தம் கேட்டது. எட்டு டீச்சர் எங்கள் வரிசையை இடித்துக்கொண்டு வந்தார். "நகருங்க" என்றார். யாரையோ கீழே பழச்சாறு கடைக்கு விரட்டி ஐஸ் கொண்டுவரச் செய்தார். தன் துப்பட்டாவில் அதைச் சுற்றித் தொடையில் வைத்து, காலை அசையாமல் தன் மடியில் தாங்கிக்கொண்டார்.

"என்னைப் பாருடா கண்ணு. அங்க பாக்காத, என்னைப் பாரு. என்கூட எண்ணு. ஒண்ணு, ரெண்டு, மூணு..."

"டீச்சர், நான் சூடுபண்ணாம குதிச்சிட்டேன் டீச்சர்" என்று அழுதாள் என் மகள், தன் தப்பைச் சொல்வதுபோல.

"தெரியும்டா. உன் தப்பு இல்ல. நாலு, அஞ்சு..."

மருத்துவமனையில் மருத்துவர் பார்த்தார். தொடைச் சதை கிழிந்திருக்கிறது, நான்கு மாதம் ஆகும் என்றார். "காலை அசைக்காம ஐஸ் வச்சது யாரு? நல்ல வேலை செஞ்சிருக்காங்க. இல்லேன்னா இன்னும் மோசமாகியிருக்கும்" என்றார். பிறகு, "உடம்பைச் சூடுபண்ணாம குதிக்கவிட்ட அறிவாளி யாரு?" என்று கேட்டார். என் மனைவி என்னைப் பார்த்தாள்.

விசாரணை வைத்தோம். விதி என்றால் உறவு பார்க்காது. மூன்று அமர்வுகளில் எல்லாவற்றையும் அலசி ஆராய்ந்தோம். தரை, கண்ணாடி, வாசல், மூடி, கைப்பிடி எல்லாம் சரி. பெட்டி பூட்டியிருந்தது, விதிப்படி. சாவி தகுதி பெற்றவரின் பேன்ட்டில் இருந்தது. எந்த பேன்ட் என்று விதியில் இல்லை. மைத்துனர் மீது குற்றமில்லை.

ஆனால் பயிலுநர் ஒருவர் அனுமதியின்றி மேசையை விட்டு எழுந்திருக்கிறார். மாணவியைத் தொட்டிருக்கிறார். அதுவும் பொது இடத்தில் எண்ணியிருக்கிறார். வக்கீலின் கருத்தில் எண்ணுவது கற்பித்தலின் ஒரு வகை. முப்பத்தொன்றாம் விதி அப்பட்டமாக மீறப்பட்டிருந்தது. அவருடைய நான்கு மாதப் பயிற்சியை ரத்து செய்து, ஆரம்பத்திலிருந்து தொடங்க உத்தரவிட்டோம்.

நான் கை தூக்கினேன். அதையும் பதிவு செய்யத்தான் வேண்டும். "தலைவரே, அந்த 'பயனற்ற நேரம்'னு எழுதினது நான்தான். அதையும் குறிப்புல சேர்த்துடலாமா?" என்றேன்.

"எதுக்குங்க? நல்ல வார்த்தைதானே அது" என்றார் தலைவர். "உணர்ச்சிவசப்படாதீங்க. கையெழுத்துப் போடுங்க."

போட்டேன். என் கையெழுத்து எப்போதும்போல் அழகாக வந்தது. கை நடுங்கியிருந்தால்கூடக் கொஞ்சம் மரியாதையாக இருந்திருக்கும்.

உத்தரவைக் கொடுக்க நானே டீச்சர் வீட்டுக்குப் போனேன். மெத்தைக் கடை மாடியிலிருந்து கழற்றி வந்த மரப்பலகைகளை அவர் தம்பி ஒரு வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தான். டீச்சர் உத்தரவை வாங்கி, படிக்காமல் மடித்தார்.

"பாப்பா எப்படி இருக்கா சார்?"

"நிக்கறா. நீங்க எப்ப வருவீங்கன்னு கேட்டுக்கிட்டே இருக்கா" என்றேன். பிறகு குரலைத் தாழ்த்தி, "நீங்க மறுபடி ஒரு விண்ணப்பம் போடுங்கம்மா. இந்தத் தடவை நான் பாத்துக்கறேன்" என்றேன்.

"நீங்க பாத்துக்கிட்ட வரைக்கும் போதும் சார்" என்றார். குரலில் கோபமே இல்லை.

அவர் அடுத்த ஊருக்குப் போய்விட்டார். அங்கே இன்னும் குழு அமைக்கப்படவில்லை, பின்தங்கிய ஊர். பழைய கிடங்கு ஒன்றில் அதே பலகைகளைப் போட்டிருக்கிறாராம். இங்கிருந்து பதினொரு பிள்ளைகள் சனிக்கிழமைதோறும் இரண்டு மணி நேரம் பஸ்ஸில் போகிறார்கள். கால் தேறியதும் என் மகளும் சேர்ந்துகொண்டாள். முதல் இரண்டு மாதம் அவளை ஆடவே விடவில்லை; நடக்க மட்டும்தான் விட்டாராம். என் மனைவி துணைக்குப் போகிறாள். ஒரு சனிக்கிழமை நானும் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தேன்.

மகள் செருப்பு வாரைப் பூட்டியபடி என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க வரவேணாம்ப்பா" என்றாள் மெதுவாக. "நீங்க வந்தா அந்த ஊர்லயும் டீச்சர் பயந்துடுவாங்க."

அவர்கள் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். மகள் லேசாக விந்தி விந்தி நடந்தாள். இன்னும் கொஞ்ச நாளில் சரியாகிவிடும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். பிறகு உள்ளே வந்து, மேலிடம் கேட்டிருந்த ஆண்டறிக்கையை எழுத உட்கார்ந்தேன். எங்கள் குழுவின் மாபெரும் சாதனையை அதில் முதல் வரியாக வைத்திருக்கிறேன். தயவுசெய்து எல்லாரும் கைதட்ட வேண்டும்:

'இந்நகரில் தகுதியற்ற ஆசிரியர் எவராலும் ஒரு குழந்தைக்கும் இதுவரை காயம் ஏற்பட்டதில்லை. ஏற்பட்ட ஒரே காயம், முழுத் தகுதி பெற்ற ஒருவரால், முழுத் தகுதி பெற்ற இடத்தில், முழுத் தகுதி பெற்ற நால்வரின் முன்னிலையில் ஏற்படுத்தப்பட்டது. அவர்களில் ஒருவர் அக்குழந்தையின் தகப்பனார். அவருடைய தகுதியை மட்டும் இதுவரை யாரும் சோதிக்கவில்லை.'